இழந்த காணியும் எழுதிய கணக்கும்

காணி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நிலப்பரப்பு ஒன்று, அந்நிலப்பரப்பின்மீது வழிவழியாக வந்த உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர். ஆயினும், ஒரு குடும்பத்தையோ ஓர் ஊரையோ அதன் இடத்திலிருந்து வலிந்து எழுப்புகின்றபொழுது இவ்விரண்டும் ஒரே நாளில் பறிபோவதில்லை. நிலம் ஒரு நாளில் போய்விடும். உரிமை போவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அந்த இடைக்காலத்தில் அந்நிலத்தைப் பற்றி என்ன எழுதப்படுகின்றது, யாரால் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அது மீண்டும் கைக்கு வருமா, வாராதா என்பது பெரும்பாலும் முடிவாகின்றது. தாழ்வுபாடு போன்ற மன்னார்க் கரையூர் ஒன்றில் வாழ்வோரும், கொழும்பில் நெருக்கமான தோட்ட வீடொன்றில் வாழ்வோரும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

வலிந்து குடியெழுப்புதல் என்றால் என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நன்று. அரசாங்கம் பாதை அமைக்கவோ மருத்துவமனை கட்டவோ ஒருவரது காணியைச் சட்டப்படி எடுத்து, அவருக்கு ஈடு கொடுப்பது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். அதனை வலிந்து குடியெழுப்புதல் என்று கூறுவதில்லை. மக்களை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக, தக்க சட்டப் பாதுகாப்பு எதுவும் இன்றி, அவர்கள் வாழும் வீட்டினின்றோ நிலத்தினின்றோ அகற்றுவதே வலிந்து குடியெழுப்புதல். ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1997ஆம் ஆண்டில் இவ்வாறே வரையறுத்தது. எனவே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "காணி எடுக்கப்பட்டதா?" என்பது அன்று, "எந்த முறைப்படி எடுக்கப்பட்டது?" என்பதேயாம்.

கொழும்பு மாநகரில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, 2010ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டது. நகரிலே 68,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகவும், அவர்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினால் பெறுமதி மிக்க நிலம் வேறு பயன்களுக்குக் கிடைக்கும் எனவும் திட்டம் வகுக்கப்பட்டது. 2010 மே மாதம் 8ஆம் திகதி கொம்பனித்தெருவில் உள்ள மியூஸ் வீதியில் படையினர் புடைசூழ வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் வனாத்தமுல்லை முதலிய பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்னும் ஆய்வு நிறுவனம் இக்குடும்பங்களைத் தேடிச் சென்று, அவர்களிடம் இருந்த பத்திரங்களைப் பார்வையிட்டு, 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதனால் வெளிப்பட்ட உண்மை யாது? சட்டவிரோதக் குடிசைகள் என்று பொதுமக்கள் எண்ணியிருந்த இடங்களிலே, உறுதி உடையவர்களும் இருந்தனர். அரசாங்கமே வழங்கிய பத்திரங்களை உடையவர்களும் இருந்தனர். பல ஆண்டுகளாக வரி செலுத்திய பற்றுச்சீட்டுகளைப் பேணி வைத்திருந்தவர்களும் இருந்தனர். அவர்கள் திறத்தில் காணி எடுத்தற் சட்டத்தின் படிமுறைகள் பின்பற்றப்படவில்லை. அதற்கு மேலும், புதிய வீட்டுக்காக ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாயைத் தவணை முறையில் செலுத்துமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். தம் சொந்த வீட்டை இழந்தவர், ஈடு பெறுவதற்கு மாறாகக் கடன்காரர் ஆயினர்.

இங்கே இடிந்தது சுவர் மட்டுமா? ஒரு பெயரும் மாறியது. உறுதியுள்ள வீடு, 'வசதி குறைந்த குடியிருப்பு' என்னும் பெயரைப் பெற்றது. அப்பெயர் வந்தவுடன், அங்கு வாழ்ந்தோரின் உரிமை பற்றிய கேள்வியே எழாது போயிற்று. அதிகார ஏட்டில் எழுதப்பட்ட இந்தப் பெயரை எதிர்த்து நின்றவை, பெட்டிக்கடியில் கிடந்த உறுதிகளும் வரிச்சீட்டுகளுமே.

ஏட்டில் இடம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் எத்துணை வேறுபாடு உண்டு என்பதற்கு இந்தியாவிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். பம்பாய் நகரின் நடைபாதைகளில் வாழ்ந்தோர் தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. உயிர் வாழும் உரிமையினுள் பிழைக்கும் வழிக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஆயினும் நடைபாதையிலிருந்து அகற்றுவதை அது அடியோடு தடுக்கவில்லை. மாற்றிடம் யாருக்கு உறுதியாயிற்று? 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதியப்பட்டு அடையாள அட்டை பெற்றிருந்தோருக்கு. ஒரே நடைபாதையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு குடும்பங்களுள் ஒன்றுக்கு இடம், மற்றொன்றுக்கு இல்லை. அதே 1985ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு தொண்டு நிறுவனம், நடைபாதை வாழ் பெண்களின் துணையுடன் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கணக்கெடுத்து அச்சிட்டது. எவ்வூரினின்று வந்தனர், எத்தனை ஆண்டுகளாக வாழ்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர் என்பன அதில் இடம்பெற்றன. அரசாங்கம் எண்ணாதுவிட்டவர்கள் தம்மைத் தாமே எண்ணிக்கொண்டனர் எனலாம்.

இனி மன்னார்க் கரைக்கு வருவோம். இங்கே குடியெழுப்பலுக்குக் காரணமாயிருந்தது நகர அபிவிருத்தி அன்று, போர். ஆனால் ஏட்டில் நிகழ்ந்த மாற்றம் கொழும்பில் கண்டதைப் போன்றதே.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவில் வாழ்ந்தோர் கடல்வழியே புத்தளக் கரையை அடைந்தனர். முசலிப் பகுதி முஸ்லிம் ஊர்களும் வெறிச்சோடின. இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதர் புழங்காத ஊரிலே மரம் வளர்வது இயற்கை. 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் திகதி வெளியான வர்த்தமானி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களைச் சார்ந்த நிலப்பரப்பை ஒதுக்கப்பட்ட காடு என்று பிரகடனம் செய்தது. தம்முடைய பழைய ஊர்நிலங்களும் அதற்குள் அகப்பட்டுவிட்டன என்று திரும்பி வந்தோர் முறையிட்டனர். காடு அழிக்கப்படுகின்றது என்று சூழல் காப்போர் முறையிட்டனர். இரு திறத்தாரும் பல ஆண்டுகள் வாதிட்டனர். 1990ஆம் ஆண்டுக்கு முன் எங்கே வீடு இருந்தது, எங்கே வயல் இருந்தது, எங்கே மெய்யான காடு இருந்தது என்பதைக் காட்டும் ஊர்க் கணக்கு ஒன்று தொடக்கத்திலேயே எல்லார் கையிலும் இருந்திருக்குமானால், ஊரையும் காட்டையும் ஒருங்கே காப்பது எளிதாயிருந்திருக்கும்.

அதே முசலிப் பிரிவின் தெற்கெல்லையில் முள்ளிக்குளம் என்னும் ஊர் உள்ளது. கடலும் வயலும் குளங்களும் சேர்ந்த வளமான கத்தோலிக்கத் தமிழூர் அது. 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆம் திகதி, போர் நடவடிக்கையின்பொருட்டு ஊரை விட்டு நீங்குமாறு படையினர் பணித்தனர். சில நாட்களில் திரும்பலாம் என்று கருதி மக்கள் வெளியேறினர். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. முள்ளிக்குளத்தாருக்கோ வழி திறக்கவில்லை. ஊர் இருந்த இடத்தில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்துவிட்டது. மக்கள் அயலில் உள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தங்கினர். ஊர் என்றிருந்த பெயர் தளம் என்று மாறிற்று.

இவ்வூர் மக்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. தாம் விட்டு வந்தவற்றை அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினர். வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பொதுக் கிணறுகள், தனியார் கிணறுகள், குளங்கள் என்று அப்பட்டியல் நீண்டது. "எங்கள் ஊரைத் தாருங்கள்" என்னும் வேண்டுகோளை விட இப்பட்டியல் வலிமை வாய்ந்தது. வேண்டுகோளை அனுதாபத்தோடு கேட்டுவிட்டு மறந்துவிடலாம். பட்டியலோ ஒவ்வொரு வரியிலும் விடை கேட்கின்றது: இந்தக் கிணறு எங்கே? இந்த வயலை யார் விதைக்கின்றனர்? இக்குளத்து நீர் யாருக்குப் பாய்கின்றது? 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மக்கள் ஊர் வாயிலில் தொடர் போராட்டத்தில் இறங்கியபொழுது, அவர்கள் கையில் இத்தகைய விவரங்கள் பத்து ஆண்டுக் கணக்காக இருந்தன. ஏப்பிரல் 29ஆம் திகதி கடற்படைத் தளபதி, 100 ஏக்கர் நிலத்தை விடுவிப்பதாகவும் வயல்களுக்குச் செல்ல வழிவிடுவதாகவும் அறிவித்தார். இது முழு ஊர் அன்று, ஒரு பகுதியே. ஆயினும் முழுவதும் இழந்ததாகக் கருதப்பட்ட ஊரில் ஒரு பகுதி மீண்டது.

சட்டம் எங்கே நிற்கின்றது என்று நேயர்கள் வினவலாம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பல படிகளை உடையது. 2ஆம் பிரிவு, பொதுத் தேவைக்குக் காணி வேண்டப்படுகின்றது என அறிவித்தல் ஒட்டச் செய்வது. 4ஆம் பிரிவு, உரியவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க இடமளிப்பது. 5ஆம் பிரிவு, காணி எடுக்கப்படும் என்று பிரகடனம் செய்வது. 7ஆம் பிரிவு, உரிமையும் ஈடும் கோருவோரை அழைப்பது. 38ஆம் பிரிவு, காணியைக் கையேற்பது. அவசரம் என்று கூறி இடைப்படிகளைத் தாண்டி உடனே கையேற்கவும் இப்பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அவ்விலக்கின் பெயரால் எத்தனை காணிகள் எடுக்கப்பட்டன என்பது தனியே ஆராயத்தக்கது.

இப்படிகளை ஏன் அறிய வேண்டும்? 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணிக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரியவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருக்க, அறிவித்தல்களோ மரங்களில் தொங்கின. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்பது காட்டப்பட்ட காரணம். அறிவித்தலைப் படித்துப் பொருள் உணர்ந்தவர்கள் இருந்தமையால், 2,000-க்கும் மேற்பட்டோர் தம் உறுதிகளுடன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். கண்டறிய இயலாதவர்கள் எனப்பட்டோர் இவ்வாறு பெயரும் ஆதாரமும் உடையவராய் முன்வந்து நின்றனர். அந்நிலங்களின் பெரும் பகுதி 2015ஆம் ஆண்டு முதல் படிப்படியாக விடுவிக்கப்பட்டது.

அண்மையில் நிகழ்ந்தது ஒன்றையும் கூறவேண்டும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி, 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலம் குறித்து வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களுடன் மன்னாரும் அதில் அடங்கிற்று. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும். இல்லையேல் அக்காணி அரச காணி ஆகும் என்பது அதன் கருத்து. போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகளை இழந்தோரும், கடல் கடந்த நாடுகளில் வாழ்வோரும் மூன்று மாதத்தில் என்ன செய்ய இயலும்? ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலை இடைநிறுத்தியது. அரசாங்கமும் அதனைத் திரும்பப் பெற்றது. ஆபத்து நீங்கியது. ஆனால் உறுதி இல்லாதோரின் நிலை அப்படியே உள்ளது.

இவ்வெடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. வீடு குடிசையாகின்றது, ஊர் காடாகின்றது, தளமாகின்றது, பரம்பரைக் காணி அரச காணியாகின்றது. இந்தப் பெயர் மாற்றங்கள் யாவும் ஏட்டிலே நிகழ்வன. ஊரவர் கையில் வேறோர் ஏடு இல்லையேல், அதிகார ஏடு ஒன்றே சான்றாக நிற்கும். ஆகவே கணக்கெழுதுதல் துன்பம் வந்தபின் செய்யும் சடங்கன்று. துன்பம் வருமுன்னரே தொடங்க வேண்டிய கடமை.

அதனை எவ்வாறு செய்வது? முதலாவதாக, அமைதிக் காலத்திலேயே வீடுதோறும் உள்ள உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், வரிச்சீட்டு, மின்சாரப் பட்டியல் ஆகியவற்றுக்குப் பிரதி எடுத்து வேறு வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். உறுதி இல்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள பதிவேடுகள், பாடசாலை அனுமதிப் பதிவு, வாக்காளர் இடாப்பு, கல்லறைக் கல்வெட்டு ஆகியனவும் வாழ்ந்தமைக்குச் சான்று கூறும். வாடகைக்கு இருப்போரையும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். வீடிழப்பு அவர்க்கும் உரியதே. பெண்ணின் பேரில் உள்ள சீதனக் காணியைப் பெண்ணின் பேரிலேயே எழுதுதல் வேண்டும். குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தால், நாளடைவில் பெண்ணின் உரிமை ஏட்டினின்று மறைந்துவிடும்.

இரண்டாவதாக, குடியெழுப்பும் நாள் வருமாயின், அன்று காண்பதை அன்றே எழுதுதல் வேண்டும். வந்தவர்கள் யார், எத்துறையினர், எந்த நேரத்தில் வந்தனர், எழுத்தில் ஆணை காட்டினரா அல்லது வாய்ச்சொல் மட்டுமா, எந்தச் சட்டப் பிரிவைக் கூறினர் என்பன இன்றியமையாதவை. இரவிலும், மழைக்காலத்திலும், பண்டிகை நாட்களிலும், பாடசாலைப் பரீட்சைக் காலத்திலும் குடியெழுப்புதல் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆதலின் அன்றைய வானிலையும் பிள்ளைகளின் பரீட்சையும் கூடக் குறிப்பிற்கு உரியனவே. திகதி மிக முக்கியமானது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு அரசியலமைப்பு வகுத்துள்ள காலம் ஒரு மாதமேயாம்.

மூன்றாவதாக, பின்விளைவைத் தொடர்ந்து எழுதுதல் வேண்டும். மக்கள் எங்கே தங்குகின்றனர், பிள்ளைகள் பாடசாலை செல்கின்றனரா, கடன் எவ்வளவு, எடுத்த காணியில் என்ன நடைபெறுகின்றது என்பன அதில் அடங்கும். கடைசியாகக் கூறியது சட்டப் பயன் உடையது. எடுக்கப்பட்ட காணி பொதுத் தேவைக்குப் பயன்படாமலும், ஈடு கொடுக்கப்படாமலும், அதில் எவ்விதச் சீர்திருத்தமும் செய்யப்படாமலும் கிடக்குமாயின், அதனை உரியவரிடம் மீள ஒப்படைக்க அமைச்சருக்கு 39அ பிரிவு அதிகாரம் அளிக்கின்றது. காணி வெறுமையாய்க் கிடந்தது என்பதை ஆண்டுதோறும் எழுதி வைத்தவரே அதனை நிறுவ இயலும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்திடம் வரைபடமும் ஆவணமும் குடிமக்கள் எவரும் கேட்கலாம்.

கரையூர் மக்களுக்கு இன்னொரு சொல். தாழ்வுபாடு என்னும் பெயரின் ஈற்றில் 'பாடு' நிற்கின்றது. கரைவலை இழுக்கும் கரைப்பகுதியைக் கடற்றொழிலாளர் பாடு என்பர். வலை இழுக்கும் பாடு, வள்ளம் ஏற்றும் மணல், கருவாடு காயவைக்கும் திடல், வாடி, கடலுக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை ஆகியவற்றுக்கு உறுதி எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் ஊரின் சோறு அவற்றில்தான் விளைகின்றது. மன்னார்த் தீவின் தென்கரை நெடுக 'தம்பபவனி' மின்காற்றாலையின் 30 கோபுரங்கள் 2020ஆம் ஆண்டு முதல் சுழல்கின்றன. மேலும் கோபுரங்கள் நாட்டும் திட்டத்தை எதிர்த்து 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் திரண்டனர். மின்காற்றாலை அமைப்பது குடியெழுப்புதல் அன்று. மின்சாரமும் நாட்டுக்கு வேண்டியதே. எனினும் எந்தப் பாட்டில் யார் தொழில் செய்கின்றனர், எந்தப் பாதை எந்த ஆண்டு முதல் உள்ளது, மழைநீர் எவ்வழி கடலுக்கு ஓடிற்று என்பன எழுதப்பட்டிருந்தால், திட்டம் வகுப்போருடன் ஊரவர் சமமாக அமர்ந்து பேச இயலும். எழுதப்படாத கரை, வரைபடத்தில் வெறுங்கரையாகவே காட்சி தரும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கணக்கு, கணக்காகவே இருத்தல் வேண்டும். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுக. பத்துக் கிணறு இருந்த இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினால், எதிர்த் தரப்பார் அந்த இரண்டைக் காட்டி மற்றப் பத்தையும் பொய்யாக்குவர். சாட்சி கூறுவோரின் பெயரை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. உண்மை உரைத்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் மறுமுறை எவரும் வாய் திறவார். இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும், பதிவேடு பேணும் கோயிற் குருவும், பழைய எல்லைகளை அறிந்த முதியவர் இருவரும், எழுதத் தெரிந்த இளைஞர் சிலரும் ஒன்றுகூடினால் ஓர் ஊரின் கணக்கை ஒரு பருவத்தில் எழுதி முடிக்கலாம். அக்கணக்கு நிலத்தை உடனே மீட்டுத் தந்துவிடாது. ஆனால் மீட்கும் நாள் வரும்பொழுது, எது நம்முடையது என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல அதுவே துணை நிற்கும்.